எட்டாவது நட்டு

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன மூன்றாம் வருஷம் எங்கள் லாரியின் முன்பக்கப் பட்டை முறிந்தது. வில்லியனூரிலிருந்து செங்கல் ஏற்றி வந்த வண்டி, மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு அரை மைல் இருக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் பாரத்தை அங்கேயே இறக்கிப்போட்டுவிட்டு, நொண்டி மாட்டைப் பிடித்து வருவது மாதிரி வண்டியை மெதுவாக வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நானே பிரிச்சுடறேன்" என்பதுதான். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

பயப்படக் காரணம் இருந்தது. அது உலகச் சண்டைக்கு முந்திய பிரெஞ்சு லாரி. ஏற்றுமதி வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்கார முசே கப்பலேறும்போது அதை விற்றுவிட்டுப் போனார். அந்த மாதிரி வண்டியை ஒழுங்காகப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரே ஆள், சைகோனில் பட்டாளத்து லாரிகளோடு கிடந்துவிட்டு வந்த ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவரும் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். மிச்சமிருந்த மெக்கானிக்குகள் இரண்டு பேர் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

"இதுக்கு இனிமே சாமானே வராதுப்பா. உருக்குறவங்கிட்ட போட்டுடு" என்றார் ஒருவர்.

என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. சாதுவான மனிதர்தான்; குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. ஆனால் கையால் செய்யும் வேலையில் மட்டும் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. தன் கை தொட்ட இரும்பு தன்னை ஏமாற்றாது என்று நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவருக்குச் சோறு, தூக்கம், மானம் எல்லாம்.

அதோடு நாள் வேறு குறித்தாகிவிட்டது. அவருடைய தங்கைக்குப் பத்தாம் நாள் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரியாங்குப்பத்தில். அவர்கள் வழக்கப்படி தாலி கட்டுவது மாப்பிள்ளை வீட்டில். "எம்பொண்ணு அவ அண்ணன் லாரியிலதான் வந்து எறங்குவா" என்று என் மாமியார் நிச்சயதார்த்தத்தன்றே சபையில் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லுக்காக அந்த லாரி ஓடியாக வேண்டும். முப்பது பேர் அதில் ஏறியாக வேண்டும்.

வேலை மறுநாளே தொடங்கியது. முன்சக்கரங்களைக் கழற்றி, வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் பனங்கட்டைகளை அடுக்கி நிறுத்தினார். பட்டை என்றால் பெரிதும் சிறிதுமாக இரும்புத் தகடுகள். பத்துப் பன்னிரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். வண்டியின் முன்பாரம் முழுவதும் அந்த இரண்டு கட்டுகளின் மேல்தான். இடது பக்கத்தில் பெரிய பட்டை முறிந்திருந்தது. வலது பக்கத்தில் முறியவில்லை, ஆனால் வளைவு போய்ச் சப்பையாகிவிட்டது. சக்கரம் திரும்பும் இடத்திலிருந்த முளைகளும் தேய்ந்து, பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடின. எல்லாவற்றையும் கழற்றிக் கோணிப்பையில் பரப்பியபோது, இதெல்லாம் மறுபடி ஒரு வண்டியாகுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நான்தான் அவருக்குக் கூடமாட நின்றவள். பொம்பளைக்கு இரும்பு வேலை என்ன என்று மாமியார் முணுமுணுத்தார். அவர் முணுமுணுக்க முணுமுணுக்க நான் இன்னும் கிட்டப்போய் நின்றேன். என் குணம் அப்படி. கழற்றியதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து வைப்பது என் பொறுப்பு. அதைவிடப் பெரிய பொறுப்பு இரண்டு டப்பாக்கள்.

இந்த டப்பா விஷயம் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. பிரெஞ்சு வண்டியின் நட்டு, போல்ட்டு எல்லாம் பிரெஞ்சு அளவு. அவர்கள் போனபிறகு கடைகளில் வந்ததெல்லாம் மெட்ராஸ் சரக்கு, இங்கிலீஷ் அளவு. இரண்டுக்கும் சுற்றி வெட்டியிருக்கும் மரை வேறு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்று மற்றதில் ஏறவும் ஏறும், அதுதான் வினை. அதனால் எங்கள் வீட்டில் இரண்டு பிஸ்கட் டப்பா. சிவப்புப் பெயின்ட் தொட்டு வைத்தது பிரெஞ்சு. பெயின்ட் இல்லாதது இங்கிலீஷ். "ரெண்டும் கலக்கக் கூடாது. கலந்தா நம்மளக் கொன்னுடும்" என்று என்னிடம் சொல்லியே அவற்றைக் கொடுத்திருந்தார். நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். எனக்கு எண்ணவும் தெரியும், பிரிக்கவும் தெரியும் என்பது அவர் எண்ணம். என் எண்ணமும் அதுதான்.

மூன்றாம் நாள் பிற்பகலில் மழை பிடித்தது. அவர் வண்டிக்கு அடியிலேயே இருந்தார். நான் தட்டில் ஊறிக்கொண்டிருந்த நட்டுகளை உள்ளே கொண்டுபோக ஓடினேன். வாசல்படியில் கால் வழுக்கித் தட்டு கவிழ்ந்தது. சேற்றில் கிடந்ததையெல்லாம் கையால் துழாவிப் பொறுக்கினேன். அப்போது பின்னால் மரம் நெறிபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், ஈரத்தில் தரை இளகி ஒரு பக்கத்துப் பனங்கட்டை மண்ணுக்குள் இறங்குகிறது. லாரி அவர்மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது.

"வெளிய வாங்க!" என்று கத்தினேன். அவர் பக்கவாட்டில் உருண்டு வந்து சேற்றில் விழுந்தார். வண்டி ஒரு சாண் இறங்கி நின்றது. நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது அடியில். மனிதன் கிடந்த இடம்.

மாமியார் உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார். "மண்ணு எளகிடுச்சி. பலகை போட்டு நிறுத்தினா ஒண்ணும் ஆவாது" என்றார். நான் பொறுக்கிய நட்டுகளைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நட்டுகளை எண்ண எனக்குத் தோன்றவில்லை. அதற்கு மறுநாளும் எண்ணவில்லை. அப்படியே சிவப்பு டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

முறிந்த பட்டையையும் சப்பையான பட்டைகளையும் வில்லியனூர்க் கொல்லரிடம் கொண்டுபோனார். கொல்லர் பழைய ரயில்வே இரும்பில் ஒரு பட்டை அடித்து, மற்றவற்றைக் காய்ச்சி வளைவு ஏற்றிக் கொடுத்தார். தேய்ந்த முளைகளுக்குக் கருவடிக்குப்பத்தில் ஒருவர் லேத்தில் பித்தளை உறை கடைந்து தந்தார். ஏழாம் நாள் எல்லாம் வந்து சேர்ந்தது. எட்டாம் நாள் பூட்டத் தொடங்கினார். வேலை நன்றாகவே நடந்தது. அப்படி நடந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. கட்டை இறங்கிய சத்தம் என் காதைவிட்டுப் போகவே இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் பட்டைக் கட்டுகளை, சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் வேலை. யூ எழுத்து மாதிரி வளைந்த நீள போல்ட்டுகள் பக்கத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு நட்டு. ஆக, எட்டு. கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே எனக்கு விளக்கினார்.

"இந்த எட்டு நட்டுதான் வண்டிய ரோட்டுல வச்சிருக்கு. ஒரு பக்கத்துல ஒண்ணு கழண்டா மீதி மூணும் தளரும். பட்டை நகரும். பட்டை நகந்தா ஆக்சில் நகரும். அப்புறம் நான் ஸ்டியரிங்க ஒரு பக்கம் திருப்புனா அது ஒரு பக்கம் போவும்."

கேட்டுக்கொண்டே மாமியார் அந்தப் பக்கமாக வந்தார். "மழையில தட்டக் கொட்டுனாளே, எல்லாம் இருக்குதான்னு கேட்டுக்கடா. இவ கையில குடுத்தது எது ஒழுங்கா இருந்திருக்கு?" என்றார்.

அவர் என்னைப் பார்த்து, "எட்டும் இருக்குல்ல?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "எண்ணத் தெரியாதவளா நானு? எட்டும் இருக்கு. வேணும்னா உங்கம்மாவ வந்து எண்ணச் சொல்லுங்க" என்றேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

வலது பக்கத்துக்கு நான்கு கொடுத்தேன். இடது பக்கத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று. டப்பாவில் கைவிட்டால் வாஷர்தான் தட்டுப்படுகிறது. கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை. வாசல்படி, சேறு காய்ந்த இடம், கோணிக்கு அடியில், எங்கும் கண்ணால் தேடினேன். இல்லை. அவருடைய கை வண்டிக்கு அடியிலிருந்து நீண்டு காத்திருந்தது.

"இன்னா, தூங்கிட்டியா?"

கொஞ்ச தூரத்தில் மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெயின்ட் இல்லாத டப்பாவைத் திறந்தேன். அதே பருமனில் இரண்டு நட்டு இருந்தன. ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

இவ்வளவுதான் செய்தேன். சொல்லும்போது எவ்வளவு சின்ன விஷயம்!

அடியில் அவர் அதைச் சுற்றுவது கேட்டது. மூன்று சுற்று சுலபமாகப் போனது. பிறகு, "இது ஏன் ஸ்பானர்ல நுழைய மாட்டேங்குது?" என்றார். மற்ற ஏழுக்கும் சரியாக இருந்த ஸ்பானர்.

"துரு ஏறி ஊதியிருக்கும்" என்றேன். யோசிக்காமலே வந்தது பொய்.

"இருக்கும், இருக்கும்" என்று வாய் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பானரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி, மூச்சைப் பிடித்து இழுத்தார். "கல்லு மாதிரி பிடிச்சிக்கிச்சி" என்றார். இன்னொரு இழுப்பு. "கடைசில கொஞ்சம் கொழஞ்சாப்பல இருந்துச்சி. போதும்." வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டபோது அவர் முகத்தில் அவ்வளவு நிறைவு. என்னைப் பார்த்து, "நீ இல்லைனா இது ஆயிருக்காது" என்றார். நான் காபி போட உள்ளே போய்விட்டேன்.

அன்று முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இறுகிவிட்டது என்று அவரே சொன்னாரே. நட்டு என்றால் நட்டுதானே. ஏழு நல்ல நட்டுக்கு நடுவில் ஒன்று எங்கே போய்விடும்? பொழுது சாயும் நேரத்தில் சாமான்களை ஒதுக்கும்போது, வண்டியோடு வந்த பழைய யூ போல்ட் ஒன்று கண்ணில் பட்டது. அதே மரை. இங்கிலீஷ் டப்பாவில் மிஞ்சியிருந்த மற்ற நட்டை எடுத்து அதில் சுற்றிப் பார்த்தேன். மூன்று சுற்று போனது. பிடித்துக்கொண்டது. போல்ட்டைக் காலில் மிதித்துக்கொண்டு ஸ்பானரால் இழுத்தேன். கல் மாதிரி இறுகியது. அப்பாடா என்று இருந்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன்.

கையிலிருந்து பாரம் போய்விட்டது. நட்டு லொடலொடவென்று சுற்றியது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன்; சுற்றாமலே உருவிக்கொண்டு வந்தது. போல்ட்டின் மரையில் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. என் பாதத்தில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

நான் வாசலுக்கு ஓடினேன். சொல்லிவிடலாம் என்றுதான் ஓடினேன், சத்தியமாக. அங்கே லாரியின் மூஞ்சியில் மாமியார் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். கழுவித் துடைத்த வண்டிக்கு மாலை போட்டு, கற்பூரத்தட்டோடு என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கல்யாணப் பெண் பக்கத்தில் கைகூப்பி நின்றாள். அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பழைய டிரைவர்களிடம் கற்றுக்கொண்டது. வேலை முடிந்து பொட்டு வைத்துவிட்டால், அந்த வண்டி முதல் ஓட்டம் ஓடித் திரும்பும்வரைக்கும் அதன்மேல் ஸ்பானர் படக்கூடாது. பட்டால் வண்டி மேல் சந்தேகப்பட்ட மாதிரி. அந்த வண்டி வஞ்சம் வைத்துக்கொள்ளும் என்பார். எத்தனையோ தடவை இதைக் கேட்டு நான் கேலி செய்திருக்கிறேன்.

"கரி மூஞ்சியோட வந்து நிக்காதம்மா. போயி மூஞ்சி கழுவிகினு வா" என்றார் மாமியார்.

நான் மூஞ்சி கழுவப் போனேன்.

கட்டுப்பாட்டின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. சொல்லியிருந்தால் அவர் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு அடியில் படுத்திருப்பார். எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல வேண்டியது ஒரு நட்டைப் பற்றி மட்டும் இல்லையே. எண்ணாமலே எட்டு என்றேன், தெரிந்தே தப்பான டப்பாவைத் திறந்தேன், துரு என்று பொய் சொன்னேன் என்று மாமியார் காதுபடச் சொல்ல வேண்டும். வீடு நிறைய உறவுக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். விடிந்து சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். விடிந்தது.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பெண்கள், குழந்தைகள், சீர்வரிசைத் தட்டு, பாய், எல்லாம் பின்னால் ஏறியாயிற்று. கிளம்புகிற வண்டியை நிறுத்திப் பேச்சுக் கொடுப்பது ஆகாது என்று எல்லோரும் எல்லோரையும் அடக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் ஏற வேண்டியவள். "எனக்குத் தலை சுத்துது, முன்னால உக்காந்துக்கறேன்" என்று அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வாயைத் திறக்கத் துணிவில்லை. கூடவே போகவாவது போகலாம் என்று தோன்றியது. முப்பது பேருக்கு ஆவதுதானே எனக்கும்.

எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. பின்னால் குலவை போட்டார்கள்.

வில்லியனூர் ரோட்டில் வண்டி நன்றாகத்தான் போனது. டவுனுக்குள் நுழைந்த பிறகு, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இடது பக்கம் கீழே 'டக்' என்றது. நான் அவரைப் பார்த்தேன்.

"புதுசா வளைவு ஏத்துன பட்டை. படியறவரைக்கும் சத்தம் போடும்" என்றார். சந்தோஷமாக இருந்தார். தங்கை கல்யாணம், தன் கையால் எழுப்பிய வண்டி. ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஓட்டினார்.

முதலியார்பேட்டை ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது இரண்டு தடவை 'டக்' என்றது. அதற்குப் பிறகு பள்ளம் இல்லாத இடத்திலும் கேட்டது. நான் எண்ணத் தொடங்கினேன். எண்ண வேண்டிய நாளில் எண்ணாதவள் அன்றைக்கு ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணினேன். கடலூர் ரோட்டில் எதிரில் ஒரு பஸ் வந்தது. இவர் ஒதுங்கித் திரும்ப ரோட்டுக்கு ஏறும்போது ஸ்டியரிங்கை ஒருமுறைக்கு இரண்டுமுறை திருப்பினார். பாட்டு நின்றது.

"லேசா இழுக்குது" என்றார், யாரிடமோ சொல்வது போல.

பின்னால் கல்யாணப் பெண் எதற்கோ சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. முருங்கப்பாக்கம் தாண்டியாயிற்று. ரோடு பாலத்துக்காகச் சற்று மேடேறியது. ஒடுக்கமான பாலம்; இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர்; கீழே ஆறு நிறைந்து கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரத்து மழைத்தண்ணீர்.

"நிறுத்துங்க" என்றேன்.

"பாலம் தாண்டி நிறுத்தறேன்."

"வாந்தி வருது. இப்பவே நிறுத்துங்க!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். திட்டிக்கொண்டே பாலத்துக்கு முப்பது கஜம் முன்னால் நிறுத்தினார். கடைசி நிமிஷத்திலும் எனக்கு உண்மை வரவில்லை, வாந்திதான் வந்தது.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இறங்கி, இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்தேன். எட்டாவது நட்டு இல்லை. எங்கேயோ ரோட்டில் விழுந்துவிட்டது. அது இருந்த போல்ட் மொட்டையாகத் தொங்கியது. பக்கத்து நட்டு போல்ட்டின் நுனிக்கு வந்து நின்றது. பட்டைகள் நழுவிய சீட்டுக்கட்டு மாதிரி விலகியிருந்தன. ஆக்சில் இரண்டு விரல் பின்னுக்குப் போயிருந்தது.

"ஏங்க, எறங்கி வாங்க" என்றேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவர் வந்து குனிந்தார். பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மொட்டை போல்ட்டின் மரையை விரலால் தடவினார். விரலில் இரும்புத் தூள் ஒட்டியது.

"பைப்பு போட்டு இழுத்தேன்ல? மரையைத் தின்னுட்டேன்" என்றார். "கொழஞ்சாப்பல இருந்துச்சி. தெரிஞ்சிது எனக்கு. தெரிஞ்சும் போதும்னு விட்டுட்டேன்."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இல்லை, நான்தான் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதற்குள் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். நடந்தது தெரிந்ததும் பெண்கள் அழுதார்கள். கூட்டத்தில் ஒருவர் ஆற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். என் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் செய்யாததைச் செய்தார். என் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து விரல்களைச் சொடுக்கினார். பத்து விரலும் நெட்டி முறிந்தன.

"மாரியாத்தா உங் கண்ணுல வந்து நின்னாடி" என்றார். "முப்பது உசுரக் காப்பாத்திட்ட."

கல்யாணப் பெண் என் காலில் விழுந்தாள். "அண்ணி, அண்ணி" என்று விசும்பினாள். நான் அவளைத் தூக்கினேன். பட்டுப்புடவையில் ரோட்டு மண் ஒட்டியிருந்தது, தட்டிவிட்டேன்.

அவர்கள் பாலத்தை நடந்தே கடந்தார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. இவர் ஆக்சிலைச் சங்கிலியால் சுற்றிக் கட்டி, காலி வண்டியை ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார். பந்தியில் சாப்பிட உட்கார்ந்தவர், இலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. யார் வெளியூர் கிளம்பினாலும், மாட்டுவண்டியோ பஸ்ஸோ, முதலில் என்னிடம் வந்து நிற்பார்கள். நான் ஒரு பார்வை பார்த்து, போய்ட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். "அண்ணி பாத்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் நாத்தனார் பிரசவத்துக்குக்கூட வண்டி ஏறினாள். மாமியார் சாகும்வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்த ஏச்சுப்பேச்சு திரும்பி வராதா என்று நான் ஏங்கியது உண்டு.

அவர் இரண்டு மாதத்தில் லாரியை விற்றுவிட்டார். ஓர் அரிசி மில்லில் காவல் வேலைக்குப் போனார். ஸ்பானர்களை எண்ணெய் போட்டுத் துடைத்துச் சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றினார். கதவுக் கீல் கழன்றால்கூட ஆசாரியைத்தான் கூப்பிடுவார். ஸ்பானருக்குள் நுழையாத அந்த ஒரு நட்டு அவர் நினைவுக்கு வரவே இல்லையா, வந்தும் என்னைக் கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது. சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். "இன்னா?" என்று நிமிர்ந்து பார்ப்பார். "ஒண்ணுமில்ல, சாப்பிட வாங்க" என்பேன். நாள் ஆக ஆக, பொய்யைவிட அதை இத்தனை நாள் வைத்திருந்ததைச் சொல்வதுதான் கஷ்டமாகிவிட்டது.

மூன்று வருஷம் கழித்து, அவருடன் பழைய நாளில் ஓட்டிய ஒரு டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய லாரிக்கும் முன்பட்டை முறிந்துவிட்டதாம். "நீயே வந்து பூட்டிக் குடுப்பா. உன்ன மாதிரி கை வில்லியனூர் வரைக்கும் இல்ல" என்று மன்றாடினார்.

என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினார். நடுக்கமில்லாத, நல்ல கைகள்.

"இத நம்பாதப்பா. முப்பது பேர ஆத்துல கொட்டப் பாத்த கை இது" என்றார். "அன்னிக்கு இவ கண்ணு இருந்துச்சு, பொழைச்சோம்."

வந்தவர் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.